ஒருமுறை சீசர் என்றால் எப்போதும் சீசரா?

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

முதற்பிள்ளை சீசர், அதாவது வயிற்றை வெட்டி எடுத்தது என்றால் அடுத்ததும் சீசர்தானா, சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்பது தலைப்பு. முயலலாம் என்பது எங்கள் கட்சி. எதிரணித் தலைவர், 1916இல் நியூயோர்க் வைத்தியர் எட்வின் கிரேகின் சொன்ன ‘ஒருமுறை சீசர் என்றால் எப்போதும் சீசர்’ என்பதை வேதவாக்காகக் கொண்டுவந்து வைத்தார். அந்த மனிதர் அதைச் சொன்னதே, முதலாவது சீசரைச் சும்மா செய்துவிடாதீர்கள் என்று எச்சரிக்கத்தான்! அன்றைக்குக் கத்தி வைத்த இடமும் வேறு. கருப்பையின் மேற்பகுதியில், தடித்த தசையில், நெடுக்காக வெட்டினார்கள். நோவின்போது முழுமூச்சாகச் சுருங்குவது அந்தத் தசைதான். அங்கே தழும்பிருந்தால் பிரியத்தான் பார்க்கும். 1920களில் கிளாஸ்கோ வைத்தியர் மன்றோ கெர் கீழ்ப்பகுதிக் குறுக்குவெட்டைப் பரப்பினார். அந்த இடம் மெல்லியது, நோவில் அவ்வளவாகச் சுருங்காது. இன்று வழக்கமாகப் போடுவது இந்த வெட்டுத்தான்.

ஆனால் வயிற்றுத் தோலைப் பார்த்து உள்வெட்டைத் தீர்மானிக்க முடியாது. தோலில் குறுக்கே கிடக்கும். உள்ளே நெடுக்காக வெட்டியிருக்கலாம். நன்றாகக் குறைமாதப் பிள்ளை, குறுக்கே கிடந்த பிள்ளை என்றால் அப்படி நடப்பதுண்டு. எனவே முதற்பிரசவம் முடிந்து வீடு வரும்போது ஆஸ்பத்திரி எழுதித்தந்த டயக்னோசிஸ் காட்டைத் தேடி எடுத்து முதல் கிளினிக்குக்கே கொண்டுபோங்கள். அதை அலுமாரிக்குள் தொலைத்துப்போட்டு வைத்தியரிடம் உத்தரவாதம் கேட்பது நியாயமில்லை.

ஒரேயொரு குறுக்குத் தழும்புள்ளவர்கள் முயன்றால் 100 பேரில் 72 முதல் 75 பேர் சுகமாகப் பெறுகிறார்கள். முன்பு ஒருதரமாவது சுகப்பிரசவம் கண்டவர் என்றால் 85, 90 வரை போகும். தழும்பு கிழிவது ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு. அந்த ஒருவரை நாங்கள் மறைக்கவில்லை. நோவை ஒக்சிரோசின் ஏற்றி வரவழைத்தால் அந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்காகும். முயன்று சரிவராமல் நடுவில் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குப் போனால், திட்டமிட்ட சீசரைவிடத் தாய்க்குச் சிரமம் கூட. நெடுக்குத் தழும்பு, ஏற்கெனவே கிழிந்த கருப்பை, கருப்பை வாயை மூடிக் கிடக்கும் நச்சுக்கொடி: இவர்களுக்கு நாங்களும் சீசர் என்றே சொல்வோம்.

மற்றவர்களுக்கு, எல்லாமே கண்காணிப்பில்தான் இருக்கிறது. நோவு வலுத்ததும், பிள்ளையின் இதயத்துடிப்பைப் பதியும் சீ.ரீ.ஜீ. பட்டியைக் கட்டினால் பிள்ளை பிறக்கும்வரை கழற்றக்கூடாது. தழும்பு பிரியும்போது பெரும்பாலும் முதலில் குழம்புவது பிள்ளையின் இதயத்துடிப்பு. ஒரு நோவு விட்டு மறுநோவு வருமுன் வயிறு இளகவேண்டும். இளகிய நேரத்திலும் தழும்புள்ள இடம் விடாமல் வலித்தால், சிறுநீரில் இரத்தம் கண்டால், ஒழுங்காக வந்த நோவு திடீரென நின்றால், இறங்கிய தலை திரும்ப மேலே ஏறினால், பிறகு யோசனையே இல்லை, தியேட்டர். அதனால்தான் இது வீட்டிலோ சிறு ஆஸ்பத்திரியிலோ செய்யிற வேலை அல்ல. இரவு பகலாகத் தியேட்டரும், மயக்கமருந்து வைத்தியரும், இரத்த வங்கியும் உள்ள இடம் வேண்டும். நெடுந்தீவுப் பெண் நோவு கண்டபிறகு குறிகட்டுவான் துறைக்குப் படகு தேடக்கூடாது. திகதி நெருங்க முன்னமே யாழ்ப்பாணத்துக்கு வந்து வோட்டில் சேர்ந்துவிட வேண்டும்.

சீசர் என்றால் நாள் பார்த்துச் செய்யலாம் என்றும் எதிரணியில் ஒருவர் சொன்னார். வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்று அந்த வீட்டில் நடக்கப்போகிற சண்டையை அவர் யோசிக்கவில்லை. அது கிடக்கட்டும். நல்ல நாள் 37ஆம் வாரத்தில் வருகிறதென்று முந்திக்கொண்டால், நோவு காணாமல் எடுத்த பிள்ளை மூச்சுக்குத் திணறி விசேட பராமரிப்பு வோட்டில் கிடக்க நேரலாம். 39 வாரம் வரை பொறுக்கச் சொல்வது அதற்காகத்தான்.

முடிக்குமுன் எதிரணிக்கு ஒரு கேள்வி. நச்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருக்கும் நிலையில், அது தசைக்குள் வேரோடும் ஆபத்து இரண்டாவது சீசரில் நூற்றுக்கு 11, மூன்றாவதில் 40. அப்படி ஒட்டினால் பல வேளைகளில் கருப்பையையே எடுக்கவேண்டிவரும். மூன்று பிள்ளை வேண்டும் என்கிற பெண் உங்கள் முன் வந்து நின்றால், இரண்டாவது சீசருக்குக் கையெழுத்து வாங்கும்போது இதைச் சொல்வீர்களா, மாட்டீர்களா? உங்கள் அடுத்த பேச்சாளர் பதில் தரட்டும்.