ஒரு கிராம் இரும்புகூடச் சேர்க்காம பீமை 4 மடங்கு விறைப்பாக்கலாம்! டி-செக்ஷன் கணக்கு, முழு விளக்கம்

[மேசை மேல இரண்டு இரும்புத் துண்டுகள்: ஒரு சதுரக் கம்பி, ஒரு டி வடிவம்]

இந்த ரெண்டையும் தராசுல வச்சா ஒரே எடை. நீளமும் ஒண்ணு, இரும்பும் ஒண்ணு. குறுக்கே அறுத்துப் பார்த்தா ரெண்டுலயும் 4000 சதுர மில்லிமீட்டர். ஆனா ஒரே பாரத்தை ஏத்தினா, சதுரக் கம்பி 4 மில்லிமீட்டர் தொய்யுற இடத்துல டி ஒரு மில்லிமீட்டர்தான் தொய்யும். நான் சும்மா கிளிக்குக்காகச் சொல்லல, கணக்குல அச்சு அசலா 4-னே வரும். நோட்டும் பேனாவும் எடுத்துக்கோங்க, வேணுங்கிற இடத்துல வீடியோவை நிறுத்திக்கோங்க.

முதல்ல அடிப்படை, வேகமா. பீம் வளையும்போது மேல்பக்கம் நசுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். நடுவுல ரெண்டும் நடக்காத ஒரு கோடு இருக்கும், அதுதான் நியூட்ரல் ஆக்சிஸ். அது சென்ட்ராய்டு வழியா, அதாவது குறுக்குவெட்டுப் பரப்போட மையப்புள்ளி வழியாப் போகும். அந்தக் கோட்டுல இருந்து ஒவ்வொரு துளிப் பரப்பும் எவ்வளவு தள்ளியிருக்கோ, அந்தத் தூரத்தோட ஸ்கொயரால அந்தப் பரப்பைப் பெருக்கி, எல்லாத்தையும் கூட்டினா மொமென்ட் ஆஃப் இனர்ஷியா, சுருக்கமா ஐ. ஒரே இரும்புல இது எத்தனை மடங்கோ, பீமும் அத்தனை மடங்கு விறைப்பு. அலகு மிமீ⁴. அவ்வளவுதான், கணக்குக்குப் போவோம்.

[டி-செக்ஷன் படம்]

மேல படுத்திருக்கிற பட்டை ஃபிளேஞ்ச்: அகலம் 100, தடிமன் 20. கீழ நிக்கிற பட்டை வெப்: தடிமன் 20, உயரம் 100. ரெண்டுக்கும் பரப்பு தலா 2000. அடியில இருந்து அளந்தா வெப்போட மையம் 50-ல, ஃபிளேஞ்சோட மையம் 110-ல.

சென்ட்ராய்டு எங்க? ரெண்டு பக்கமும் ஒரே அளவு தண்ணிக் குடம் கட்டின காவடியை எங்க தோள்ல வைப்பீங்க? சரியா நடுவுல. 50-க்கும் 110-க்கும் நடு 80. அடியில இருந்து சென்ட்ராய்டு இருக்கிற இந்த உயரத்துக்குப் பேர் ஒய் பார், 80 மில்லிமீட்டர். குடம் ஏத்த இறக்கமா இருந்தா கனமான பக்கமா தோள் நகரும், அதைத்தான் ஃபார்முலா செய்யுது: ஒவ்வொரு பரப்பையும் அதோட உயரத்தால பெருக்கிக் கூட்டி, மொத்தப் பரப்பால வகுக்குது.

இப்ப ஐ. ஒவ்வொரு பட்டைக்கும் ரெண்டு பங்கு உண்டு. ஒண்ணு சொந்தப் பங்கு, பி டி கியூப் பை 12; இதுல பி அகலம், டி உயரம். இன்னொண்ணு, சென்ட்ராய்டுல இருந்து தள்ளியிருக்கிறதால வர்ற பங்கு, ஏ எச் ஸ்கொயர்; ஏ பட்டையோட பரப்பு, எச் அதோட மையம் சென்ட்ராய்டுல இருந்து தள்ளியிருக்கிற தூரம். ஃபிளேஞ்சோட சொந்தப் பங்கு 66,667. தூரத்துப் பங்கு? 2000 இன்ட்டு 30 ஸ்கொயர், 18,00,000. பார்த்தீங்களா? சொந்தமா வச்சிருக்கிறதை விட, தள்ளி நின்னதால கிடைச்சது 27 மடங்கு! இந்த வரியை நான் எத்தனை தடவை போட்டாலும் சந்தோஷமா இருக்கும்.

வெப்புக்குச் சொந்தப் பங்கு 16,66,667, தூரத்துப் பங்கு அதே 18,00,000. மொத்தம் கூட்டினா 53,33,333. சதுரத்துல அகலமும் உயரமும் ஒண்ணுங்கிறதால பி டி கியூப்ங்கிறது பரப்போட ஸ்கொயர்தான், அதனால சதுரக் கம்பிக்கு 4000 ஸ்கொயர் பை 12, அதாவது 13,33,333. வகுத்துப் பாருங்க. 4.

ஆனா இந்த வீடியோ எடுத்ததே இனிமே சொல்லப்போற விஷயத்துக்காகத்தான். அந்த ஏ எச் ஸ்கொயரை நமக்கு யார் கொடுக்கிறாங்க?

[கையில் ஒரு நோட்டுப் புத்தகம்]

100 தாள் நோட்டு. வளைக்கிறேன், சுலபமா வளையுது. ஓரத்தைக் கவனிங்க, நேரா இருந்த விளிம்பு சாய்வா மாறிடுச்சு. ஒவ்வொரு தாளும் பக்கத்துத் தாள் மேல வழுக்கி, தன் சொந்த நடுக்கோட்டைச் சுத்தி வளையுது. சொந்தப் பங்கு மட்டும்தான், தூரத்துப் பங்கு பூஜ்யம். இதே 100 தாளையும் பசை தடவி ஒரே கட்டையா ஒட்டினா, தடிமன் 100 மடங்கு, அதோட கியூப் பத்து லட்சம். தனித்தனித் தாள்களுக்கு வெறும் 100. பத்து லட்சம் பை 100, பத்தாயிரம் மடங்கு விறைப்பு! தாளும் அதேதான், நடுவுல வந்தது பசை ஒண்ணுதான்.

இப்ப நம்ம டி-க்கு வாங்க. ஃபிளேஞ்சை வெல்டு பண்ணாம வெப் மேல சும்மா வச்சா? சொந்தப் பங்கு ரெண்டும் சேர்ந்து 17,33,333. மீதி 36,00,000? அது வெல்டிங் கொடுத்தது! நீங்க பேப்பர்ல ஏ எச் ஸ்கொயர்னு எழுதுறீங்க, பட்டறையில ஒருத்தர் அதை நெருப்புல எழுதுறார். அவர் வெல்டு சரியில்லைன்னா உங்க கணக்கு சரியா இருந்தும் பிரயோஜனமில்ல.

கட்டடத்துலயும் இதே கதை. ஸ்லாபும் பீமும் ஒரே நேரத்துல கான்கிரீட் போட்டா ஸ்லாபோட ஒரு பகுதி பீமுக்கு ஃபிளேஞ்சா வேலை செய்யும், டி-பீம்னு டிசைன் பண்றோம். பீம் கம்பியோட ரிங்குகள் ஸ்லாபுக்குள்ள ஏறி நிக்கிறது சும்மா இல்ல, ரெண்டும் வழுக்காமப் பிடிச்சுக்கத்தான். இரும்பு கர்டர் மேல கான்கிரீட் தளம் போடுற பாலங்கள்ல அதே வேலையை ஷியர் ஸ்டட், அதாவது கர்டர் மேல வெல்டு பண்ணி கான்கிரீட்டுக்குள்ள நிக்கிற குட்டை இரும்பு முளைகள், செய்யுது. சைட்ல அடுத்த தடவை அந்த ரிங்கைப் பார்த்தா ஏ எச் ஸ்கொயர் ஞாபகம் வரணும்!

பரீட்சை எழுதுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. எச்-ஐ ஒய் பாருல இருந்து அளக்கணும். அடியில இருந்து 50, 110-னே போட்டீங்கன்னா விடை 3,09,33,333 வரும், உண்மையைப் போல கிட்டத்தட்ட 6 மடங்கு. மார்க் போறது இருக்கட்டும், அந்த நம்பரை நம்பிப் பீம் போட்டா ஆளுக்கு ஆபத்து.

இன்னொரு சுவாரசியம். சென்ட்ராய்டு மேல 40, கீழ 80 தூரத்துல இருக்கு, அதனால அடியில வர்ற ஸ்ட்ரெஸ் உச்சியில வர்றதுக்கு ரெண்டு மடங்கு. வார்ப்பிரும்பு நசுக்கலைத் தாங்கும், இழுவையில சட்டுனு உடையும். 1830 வாக்குல மான்செஸ்டர்ல ஈட்டன் ஹாட்ஜ்கின்சன்ங்கிற இன்ஜினியர் வார்ப்பிரும்பு பீம்களைச் சோதனை பண்ணி, கீழ் ஃபிளேஞ்சோட பரப்பு மேல இருக்கிறதைப் போல சுமார் 6 மடங்கு இருக்கிற வடிவத்துக்கு வந்து சேர்ந்தார். சென்ட்ராய்டை வேணும்னே கீழே இழுத்துட்டார். எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடிச்ச வேலை இது.

இப்ப உங்க முறை. 30 மிமீ விட்டமுள்ள கெட்டிக் கம்பி ஒண்ணு. வெளிவிட்டம் 50, உள்விட்டம் 40 உள்ள குழாய் ஒண்ணு. எடை ரெண்டுக்கும் ஒண்ணுதான், முதல்ல அதைச் சரிபாருங்க. ஓட்டையை மைனஸ் பரப்பா எடுத்துக் கழிச்சிடுங்க. ரெண்டுக்கும் மையம் ஒண்ணா இருக்கிறதால ஏ எச் ஸ்கொயரே வேண்டாம். குழாய் எத்தனை மடங்கு விறைப்பு? எனக்கு நாலரைக்குக் கொஞ்சம் மேல வந்தது. உங்களுக்கு என்ன வந்ததுன்னு ஸ்டெப்போட கமெண்ட்ல போடுங்க, ஒவ்வொண்ணையும் படிச்சுப் பதில் சொல்றேன்.