மைனஸ் 127 டிகிரியை நம்பிய ஹீட்டர்

வணக்கம். என் கையில் இருக்கும் இந்தப் பிளாஸ்டிக் பெட்டிதான் நான் செய்த தெர்மோஸ்டாட், அதாவது அறையின் சூட்டைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு அணைக்கும் கருவி. மூடியில் இந்தக் கீறல் தெரிகிறதா? துளை போடும்போது ட்ரில் வழுக்கிவிட்டது. அதை விடுங்கள், இதைவிடப் பெரிய கூத்து உள்ளே நடந்தது.

உள்ளே முக்கியமாக மூன்று பொருள்கள்தான். ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை, டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், பலகை சொன்னபடி ஹீட்டரைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ஒரு ரிலே. சென்சாரின் தரவு ஒயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட மறக்காதீர்கள். இல்லையென்றால் சென்சார் வாயே திறக்காது. முதலில் சென்சாரையும் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன். வைஃபை ஓடும்போது பலகை சூடாகும் அல்லவா, அந்தச் சூட்டையே அறையின் சூடாகக் காட்டியது. அதனால்தான் இப்போது சென்சார் நீண்ட ஒயரில் தனியாகத் தொங்குகிறது.

நிரலை மிக எளிதாக எழுதினேன். 21 டிகிரிக்குக் குறைந்தால் ஹீட்டரைப் போடு, 21 ஆனதும் அணை. ஓடவிட்டதும் ரிலே மரங்கொத்தியைப் போலத் தட்ட ஆரம்பித்தது. சென்சார் 0.0625 டிகிரி வரை பிரித்துக் காட்டும், 20.94, 21.00, மறுபடி 20.94 என்று அலைந்தாலே போதும். இப்போது 20.5இல் போடுகிறது, 21.5இல் அணைக்கிறது. இந்த இடைவெளிக்குப் பெயர் ஹிஸ்டெரிசிஸ். ஏசியை இயக்கப் போகிறவர்கள், அணைத்த பிறகு கம்ப்ரெசருக்குச் சில நிமிடமாவது ஓய்வு கொடுங்கள்.

இனி அந்தக் கூத்து. ஒரு நாள் அதிகாலையில் வியர்த்துக் கொட்டி விழித்தேன். அறை அடுப்பாகக் கொதித்தது. கைபேசியில் பார்த்தால், அறையின் வெப்பநிலை மைனஸ் 127 டிகிரி! பூமியின் தரையில் அளந்து பதிவான மிகக் கடுங்குளிரே 1983இல் அண்டார்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் மைனஸ் 89.2தான். என் படுக்கையறை அதையும் முந்திவிட்டதாம்.

நடந்தது இதுதான். சென்சார் ஒயர் கழன்றிருந்தது. சென்சார் கிடைக்கவில்லை என்றால் நான் பயன்படுத்திய லைப்ரரி (சென்சாரைப் படிக்க வேறொருவர் எழுதிவைத்த நிரல்) திருப்பித் தரும் எண் மைனஸ் 127. அது பிழைக்கான குறி. அதைக் குளிர் என்று நம்பிய என் நிரல், விடிய விடிய ஹீட்டரை எரித்தது. தவறு முழுக்க என்னுடையது. கைபேசித் திரையில் வரைபடம் அழகாக வர வேண்டும் என்று மூன்று மாலை செலவிட்டவன், இதற்கு ஒரு வரி எழுதவில்லை.

இப்போது 5 டிகிரிக்குக் கீழேயோ 40க்கு மேலேயோ வரும் எந்த அளவையும் நிரல் ஏற்காது. தொடர்ந்து மூன்று தவறான அளவுகள் வந்தால் ஹீட்டரை அணைத்துவிடும். நிரலே உறைந்துபோனால் வாட்ச்டாக் டைமர் பலகையை மறுபடி தொடங்கும். வைஃபை போனாலும் முடிவெடுப்பது பலகைதான்.

ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் இவை எதுவும் உதவாது. அதற்காக ஹீட்டர் லைனில் தொடராக ஓர் ஈருலோகப் பட்டை கட்அவுட் சேர்த்திருக்கிறேன். அதற்கு நிரலும் தெரியாது, வைஃபையும் தெரியாது. சூடு மிஞ்சினால் பட்டை வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். மின்லைன் பக்கத்து வேலையை ஓர் எலக்ட்ரீஷியனிடம் விட்டேன், நீங்களும் விடுங்கள்.

சரி, ஹீட்டர் எரிகிறது, சென்சார் ஒயரைப் பிடுங்குகிறேன். ஒன்று... இரண்டு... மூன்று. டக். கேட்டதா?