சேந்தமங்கலம் ஜெப ஆலயம்: வாசலில் நிற்கும் சாராவின் கல்

[காட்சி: ஓட்டுக் கூரை, வெள்ளைச் சுவர், முன்னே ஒரு கல்]

கேரளத்தின் எறணாகுளம் மாவட்டத்தில், வடக்குப் பறவூரை அடுத்து இருக்கிறது சேந்தமங்கலம். நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்குள்ள பழைய யூத ஜெப ஆலயத்தின் முன் நிற்கும் இந்தக் கல்லறைக் கல்லைச் சற்று நெருங்கிப் பாருங்கள். 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்த இந்த எபிரேய எழுத்துகள் ‘இஸ்ரவேலின் மகள் சாரா’ என்ற பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள்.

[காட்சி: செப்பேட்டின் எழுத்துகள்]

சாராவின் காலத்துக்கு ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு முன்பே யூதர்கள் இந்தக் கரையில் வேரூன்றிவிட்டார்கள். கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையையும் வேறு 72 உரிமைகளையும் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அதில் வரும் ‘முயிரிக்கோடு’ என்ற ஊர்ப்பெயரில், சங்கப் பாடல்கள் போற்றும் முசிறி ஒலிப்பதைத் தமிழறிந்தவர் எளிதில் உணரலாம். அந்தச் செப்பேடு இன்று கொச்சி மட்டாஞ்சேரியில், பரதேசி ஜெப ஆலயத்தில் இருக்கிறது.

[காட்சி: உட்கூடம், மேல்மாடம்]

சேந்தமங்கலத்தில் இப்போது நிற்கும் கட்டடம் 17-ஆம் நூற்றாண்டினது என்பர். உள்ளே நுழைந்ததும் மேலே பாருங்கள். யூதர்களின் வேதமான தோராவின் சுருளை வாசிக்கும் மேடை பொதுவாகக் கூடத்தின் நடுவில் ஒன்றுதான் இருக்கும். கேரளத்து ஆலயங்களிலோ மாடியிலும் இன்னொரு மேடை உண்டு. அதை ஒட்டிய மரத் தடுப்புக்குப் பின்னால்தான் பெண்கள் அமர்ந்தார்கள். ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் வேதம் அவர்களுக்கு மிக அருகில் வாசிக்கப்பட்டது என்பதே இந்தக் கட்டட அமைப்பில் என்னை மிகவும் நெகிழச் செய்வது.

அந்தப் பெண்கள் மலையாளத்தில் பாடல்களும் வைத்திருந்தார்கள். திருமணங்களிலும் விழாக்களிலும் ஆண்கள் முன்னிலையிலேயே பாடினார்கள். பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி, மகள்களுக்குக் கொடுத்தார்கள்.

[காட்சி: கண்காட்சிப் பலகைகள்]

1948-இல் இஸ்ரேல் உருவான பின், 1950-களில் கேரள யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறினார்கள். தொழுகைக்கு ஆளில்லாமல் பாழடைந்த இந்த ஆலயத்தைக் கேரள அரசு சீரமைத்து, 2006-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. பெண்களின் அந்த நோட்டுகளும் கடல் கடந்திருந்தன. அவற்றில் இருந்த பாடல்கள் சில, பாடியவர்களின் குரலிலேயே 2004-இல் ஜெருசலேமில் இசைத்தட்டாக வெளிவந்தன.