மால்டாவில் ஒரு வாரம்: எந்தக் கிழமை, எந்த ஊரில் சாப்பாடு?

[காட்சி: பழைய கல் படிக்கட்டு. படிக்குப் படி திண்டு மெத்தை. பொழுது சாயும் நேரம்.]

இந்தப் படிக்கட்டைப் பாருங்கள். மால்டாவின் தலைநகர் வல்லெட்டாவில், விக்டோரியா வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோடைக்கால வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரிட்ஜ் பார் என்ற சின்னக் கடைக்காரர்கள் இந்தப் படிகளில் மெத்தைகளைப் போட்டுவிடுவார்கள். வாசலில் நாலைந்து பேர் நின்று ஜாஸ் வாசிப்பார்கள். நீங்கள் உட்கார்ந்த படிதான் உங்கள் மேஜை. எழுபது வயதுத் தாத்தாவும் இருப்பார், கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருப்பார்கள்.

இதே படிக்கட்டுக்குத் திங்கட்கிழமை போனீர்கள் என்றால் வெறும் படிக்கட்டுதான்.

மால்டா போகிறவர்கள் எல்லோரும் "நல்ல ரெஸ்டாரன்ட் எது?" என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, "எந்தக் கிழமை அங்கே இருப்பீர்கள்?" இந்த நாட்டுத் தீவுகளில் பெரியதான மால்டாத் தீவின் நீளமே சுமார் 27 கிலோமீட்டர்தான். வடக்குக் கோடியில் அறை எடுத்திருந்தாலும் தெற்குக் கோடியில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். அதனால் ஹோட்டலுக்குக் கீழே இருக்கும் கடையில் தினமும் சாப்பிடத் தேவையில்லை. கிழமையைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

அதற்கு முன்னால் வாயில் நுழையாத ஊர்ப் பெயர்களைப் பார்த்துவிடலாம். மால்டீஸ் மொழி அரபி வழி வந்தது, ஆனால் எழுதுவது ரோமன் எழுத்தில். அதில் எக்ஸ் எழுத்தை 'ஷ்' என்று சொல்ல வேண்டும். மீனவர் கிராமத்தின் பெயர் மார்சஷ்லொக். கிளப்புகள் இருக்கும் இடத்தின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'பேஸ்வில்' என்று வரும். உள்ளூரில் அது பாச்சேவில். ஆங்கிலமும் ஆட்சி மொழிதான், எல்லோருக்கும் புரியும். ஆனால் பெயரைச் சரியாகச் சொல்கிறவருக்குக் கிடைக்கும் சிரிப்பே தனி.

[காட்சி: இரண்டு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள், நடுவே ஒடுங்கிய தெரு. மங்கிப்போன பழைய பார் பலகைகள்.]

சரி, வெள்ளிக்கிழமை வல்லெட்டாவிலேயே இருப்போம். ஜாஸ் முடிந்ததும் நடந்தே ஸ்ட்ரெய்ட் ஸ்ட்ரீட்டுக்குப் போய்விடலாம். இந்த 'ஸ்ட்ரெய்ட்' (Strait) என்றால் ஒடுக்கம். பெயருக்கு ஏற்ற ஒடுக்கமான தெரு. ஒரு காலத்தில் இது உலகம் சுற்றிய கடற்படைச் சிப்பாய்களின் தெரு. பிரிட்டிஷ் கப்பல் துறைமுகத்துக்கு வந்தால் மாலுமிகள் கூட்டம் கூட்டமாக இங்கேதான் இறங்குவார்கள். வரிசையாக பார்கள், நடன அரங்குகள், இசைக்குழுக்கள், மாடியில் விடுதிகள். அவர்கள் இந்தத் தெருவுக்கு வைத்த செல்லப்பெயர் 'தி கட்', அதாவது குடல். மால்டாக்காரர்களில் பலர் ஜாஸ் வாசித்துப் பழகியது இந்தத் தெருவில்தான்.

மால்டா 1964இல் சுதந்திரம் பெற்றது. 1979 மார்ச் 31ஆம் தேதி கடைசி பிரிட்டிஷ் படையும் கிளம்பியது. மாலுமிகள் போனதும் தெருவின் பிழைப்பும் போனது. பார்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. ரொம்ப காலம் குடும்பப் பெண்கள் இந்தத் தெருவின் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டார்கள். 2018இல் வல்லெட்டா ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகராக இருந்தது. அந்தச் சமயத்தை ஒட்டி இங்கே பழைய பலகைகளை அப்படியே விட்டுவிட்டு, கீழே வைன் பார்களும் சின்ன உணவகங்களும் முளைத்தன. இப்போது மேஜைகள் தெருவிலேயே கிடக்கின்றன. கடைக்காரர் நாற்காலியை நகர்த்தினால்தான் நீங்கள் நடந்துபோக முடியும்.

இங்கே உட்கார்ந்தால் முதலில் ஒரு 'பிளாட் மால்டி' சொல்லுங்கள். உள்ளூர்ப் பண்டங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துத் தரும் தட்டு. அதில் பிகில்லா என்று ஒன்று இருக்கும்: உள்ளூர் மொச்சை வகைப் பயறை வேகவைத்து மசித்து, பூண்டும் மிளகாயும் சேர்த்தது. ஜ்பெய்னா என்ற சின்ன வட்டப் பாலாடைக்கட்டி, மிளகு தூவியது. வெயிலில் காய்ந்த தக்காளி, ஆலிவ், மொறுமொறு பிஸ்கட். இருவர் சேர்ந்து சாப்பிட்டால் ராத்திரிப் பசியில் பாதி இதிலேயே அடங்கிவிடும்.

குடிக்க சிஸ்க் பியர், வேண்டாதவர்களுக்கு கின்னி. சிஸ்க் 1929இலிருந்து இருக்கிறது. அதைத் தொடங்கிய சிக்லூனா குடும்பம் வங்கி நடத்தியது. செக் என்ற காகிதத்தை மால்டாவில் பழக்கியவர் அந்தக் குடும்பத்து வங்கிக்காரர். செக் என்ற சொல் ஊர்க்காரர்கள் வாயில் 'சிஸ்க்' ஆகி, அவருக்குப் பட்டப்பெயராகி, கடைசியில் பியர் பாட்டிலில் ஏறிவிட்டது. கின்னி 1952இல் வந்த குளிர்பானம், கசப்பு ஆரஞ்சும் மூலிகைகளும் சேர்த்தது. முதல் வாய் குடித்ததும் முகத்தைச் சுளிப்பீர்கள். மூன்றாவது நாள் தேடுவீர்கள்.

[காட்சி: நியான் விளக்குகள், நெரிசல், படிகளில் இறங்கும் இளைஞர் கூட்டம்.]

சனிக்கிழமை என்றதும் எல்லோரும் காட்டும் திசை செயின்ட் ஜூலியன்ஸ், அதற்குள் பாச்சேவில். இதை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். சில தெருக்களுக்குள் கிளப்புக்கு மேல் கிளப். வாசலில் இலவச ஷாட் சீட்டை நீட்டுவார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் ஆங்கிலம் படிக்க வந்த ஐரோப்பிய மாணவர்கள். மது வாங்கச் சட்டப்படி வயது 17. இருபது வயதில் போனால் திருவிழாதான். நாற்பதில் போனால் காது வலிக்கும். முதல் பயணத்தில் நான் அறை எடுத்தது அங்கேதான். இரவு மூன்று மணிக்கு ஜன்னல் கண்ணாடி பாஸ் சத்தத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. ஆடப் போகலாம், தூங்கப் போகாதீர்கள். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் ஸ்பினோலா விரிகுடா. கரையோர மேஜை, தண்ணீரில் படகுகள், விளக்குகள். விலை கொஞ்சம் ஏறும், ஆனால் பேசினால் காதில் விழும்.

கோடை மாதங்களில் என் சனிக்கிழமை பாச்சேவில் இல்லை. எந்த ஊரில் 'ஃபெஸ்டா' என்று பார்ப்பேன். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு காவல் புனிதர், அவருக்கு வருடம் ஒரு திருவிழா. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏதாவது ஓர் ஊரில் நடந்துகொண்டே இருக்கும். தெரு முழுக்க பல்புத் தோரணம், ஊர் பேண்ட் ஊர்வலம், பால்கனியிலிருந்து கொட்டும் காகிதத் துண்டுகள், வாணவேடிக்கை. ஆகஸ்ட் 15 மாதா திருநாள் அன்று ஒரே சமயத்தில் பல ஊர்களில் விழா. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் சிரமம். சாப்பாடு வண்டிக்கடையில்: இம்ஆரெட் வாங்குங்கள், பேரீச்சம்பழ விழுதை மாவுக்குள் வைத்து எண்ணெயில் பொரித்தது. இதற்கு உட்கார்ந்து சாப்பிடும் இடமே கிடையாது, கையில் காகிதத்தோடு நடந்துகொண்டே சாப்பிட வேண்டியதுதான்.

[காட்சி: மஞ்சள், நீலம், சிவப்புப் படகுகள். முகப்பில் வரைந்த இரண்டு கண்கள்.]

ஞாயிறு காலை மார்சஷ்லொக். வல்லெட்டாவின் டிரைட்டன் நீரூற்றுக்குப் பக்கத்து பஸ் நிலையத்திலிருந்து நேராக பஸ் உண்டு. லுட்ஸு என்ற இந்தப் படகுகளின் கண்கள் கடலில் தீமையைத் தள்ளிவைக்கும் என்பது பழைய நம்பிக்கை. பழங்காலக் கடல் வணிகர்களான ஃபினீசியர் காலத்து வழக்கம் என்பார்கள். கரை நெடுக மீன் சந்தை. சீக்கிரமாகப் போனால்தான் மீன் பார்க்கலாம், பொழுது ஏற ஏறப் பொம்மைக் கடையும் மேஜைத் துணிக்கடையும்தான் மிஞ்சும்.

மதியச் சாப்பாட்டுக்கு ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரைக்கும் லம்புகி கேளுங்கள். வேறு ஊர்களில் மாஹி மாஹி என்று சொல்லும் மீன். இதைப் பிடிக்கும் விதம் ரசமானது. பனையோலைகளைப் பரப்பிய மிதவைகளைக் கடலில் விட்டுவைப்பார்கள். இந்த மீனுக்கு நிழல் பிடிக்கும். வெயிலுக்கு ஒதுங்குகிற மாதிரி ஓலைக்கு அடியில் வந்து கூடும். படகில் போய் வலையைச் சுற்றிப் போட்டால் ஆயிற்று. பூண்டு மணக்கும் அல்யோட்டா என்ற மீன் சூப்பும் இங்கே குடிக்க வேண்டிய ஒன்று.

ஒரு எச்சரிக்கை. தட்டில் முழு மீனைக் கொண்டுவந்து காட்டி "இது வேண்டுமா?" என்று கேட்டால், தலையாட்டுவதற்கு முன்னால் எடையையும் விலையையும் கேளுங்கள். முழு மீன் பெரும்பாலும் கிலோ கணக்கில்தான். பில் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

[காட்சி: மண் சட்டியில் கொதிக்கும் குழம்பு. பக்கத்தில் ரொட்டி.]

வார நாள் இரவுகளில் முயல். ஆமாம், முயல்கறிதான் இந்த நாட்டின் தேசிய உணவு மாதிரி. புனித ஜான் சபை வீரர்கள் ஆண்ட காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், வேட்டைக்குத் தடை போட்டதில் ஊரே கொதித்தது. 'எங்கள் நிலத்து முயலை நாங்கள் பிடிக்கக் கூடாதா?' என்ற கோபத்தின் ருசி இன்னும் சட்டியில் இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பார்கள். கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் முயல் விருந்துக்கு ஃபென்காட்டா என்று பெயர். முதலில் முயல் குழம்பில் கலந்த ஸ்பகெட்டி வரும். அதையே வயிறு முட்டச் சாப்பிட்டுவிடாதீர்கள். வைனும் பூண்டும் சேர்த்து வதக்கியதோ குழம்பாக வைத்ததோ அதற்கப்புறம்தான் வரும்.

இதற்குப் பேர்போன கிராமம் இம்ஜார். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. மால்டாவின் பக்கத்துத் தீவான கோஸோவின் படகுத் துறைக்கும் பெயர் இம்ஜார்தான். டாக்ஸியில் ஏறி வெறுமனே "இம்ஜார்" என்று சொன்னால் கோஸோ போகும் படகுத் துறையில் கொண்டுபோய் இறக்கிவிடக்கூடும். "இம்ஜார் கிராமம், சர்ச் பக்கத்தில்" என்று சொல்லுங்கள். அந்தச் சர்ச்சையும் அண்ணாந்து பாருங்கள். ஊர்க்காரர்கள் முட்டை விற்ற காசில் எழுந்தது என்பதால் அதற்கு முட்டைச் சர்ச் என்றே பெயர்.

கறி சாப்பிடாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பாஸ்டீட்ஸி இருக்கிறது. அடுக்கடுக்கான மாவுக்குள் ரிகொட்டா அல்லது மசித்த பட்டாணி. மால்டீஸில் ஏதாவது அமோகமாக விற்றால் 'பாஸ்டீட்ஸி மாதிரி விற்கிறது' என்றுதான் சொல்வார்கள். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் கடைகளும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். ரபாத் ஊரில், மதினா என்ற பழைய கோட்டை நகரத்தின் வாசலுக்கு எதிர்ப்பக்கம் கிரிஸ்டல் பேலஸ் என்று ஒரு கடை. பெயரைக் கேட்டு அரண்மனையை எதிர்பார்க்க வேண்டாம், அடுப்புக் கரி படிந்த சின்ன டீக்கடை. அங்கே டீ கண்ணாடி டம்ளரில் வரும், டின் பால் ஊற்றியது. கோட்டைக்குள் இரவு நடந்துவிட்டு வெளியே வந்து, அந்த டம்ளரைக் கையில் பிடித்தபோது எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

ஆர்டர் எடுக்கிறவர் இந்தியராகவோ நேபாளியாகவோ இருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. அவரிடமே மெதுவாகக் கேளுங்கள், எதில் கறி, எதில் மீன் என்று மறைக்காமல் சொல்லிவிடுவார். குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்தது, குடிக்கலாம். ருசி பிடிக்காமல் ஊர்க்காரர்களே பாட்டில்தான் வாங்குகிறார்கள்.

கோஸோவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். மால்டாத் தீவின் சிர்கெவ்வா துறையிலிருந்து கப்பலில் 25 நிமிடம். போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் காசு. நதூர் கிராமத்து பேக்கரிகளில் கோஸோ ஃப்தீரா வாங்குங்கள். பீட்சாவுக்குச் சித்தப்பா பிள்ளை. உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி மேலே அடுக்கி, கல் அடுப்பில் சுட்டது. ஃப்தீரா செய்யும் கலையை 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. சூட்டோடு பெட்டியில் வாங்கிக்கொண்டு ஷ்லெண்டி கரைக்குப் போய்ச் சாப்பிடலாம்.

[காட்சி: மரங்களுக்கு அடியில் விளக்குகள். கிட்டார். ஒரு கையைக் காதோரம் வைத்துப் பாடும் முதியவர்.]

கிழமைக் கணக்கில் அடங்காத ஓர் இரவு உண்டு. ஜூன் 28. மறுநாள் புனித பீட்டர், பால் திருநாள், இம்னார்யா என்பார்கள். முந்தின இரவு பஸ்கெட் தோப்பில் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்து முயல் சாப்பிடுவார்கள். மரத்தடியில் 'ஆனா' பாட்டு நடக்கும். இருவர் எதிரெதிராக நின்று, கிட்டாருக்கு நடுவே, அந்த இடத்திலேயே வரி கட்டி ஒருவரை ஒருவர் மடக்குவார்கள். மொழி புரியாது, ஆனால் யார் மாட்டிக்கொண்டார் என்பது கூட்டத்தின் சிரிப்பிலேயே தெரிந்துவிடும். விரிப்பு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்துக் குடும்பம் உங்கள் பக்கம் ஒரு தட்டைத் தள்ளினால் மறுக்காதீர்கள்.