குப்பை பொறுக்கலாம், கேள்வி கேட்கக் கூடாது

(ஜோர்ஜ்டவுனில் நடந்த வாசகர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

"அமெரிக்காவில் ஆட்சி மாறினால் பினாங்கில் உங்களுக்கென்ன?" என்று வாசலிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. சுற்றுச்சூழல் இயக்கங்களுக்கு வரும் நெருக்கடி பற்றிய என் பேச்சை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2022இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. பெயர் பணவீக்கக் குறைப்புச் சட்டம். உள்ளே இருந்ததோ பருவநிலைக்கான பெருஞ்செலவு. அதன்கீழ் 20 பில்லியன் டாலர் எட்டு அமைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஏழைகள் வாழும் பகுதிகளில் சூரிய மின்சாரம், மின்கட்டணம் குறையும் வீடுகள் போன்றவற்றுக்குக் கடன் கொடுக்கத்தான் அந்தப் பணம். அது சிட்டிபேங்க் கணக்குகளில் கிடந்தது. 2025 பிப்ரவரியில் கணக்குகள் முடங்கின. மார்ச்சில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒப்பந்தங்களையே ரத்து செய்துவிட்டது. பணம் பெற வேண்டியவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள்.

அதற்கு முன்பே, ஜனவரி 20 அன்று, அதிபர் டிரம்ப் பதவியேற்ற நாளிலேயே இரண்டு ஆணைகள் வந்தன. ஒன்று பருவநிலைக்கான பாரிஸ் ஒப்பந்தத்தை விட்டு விலகச் சொன்னது. இன்னொன்று அரசாங்கத்தின் பன்மை, சமத்துவத் திட்டங்களை மூடச் சொன்னது. இரண்டாவதைக் கவனித்துப் படித்தால், 'சுற்றுச்சூழல் நீதி' அலுவலகங்களையும் அந்தப் பதவிகளையும் கூடவே நீக்கச் சொல்லியிருக்கும். மரத்தையும் மனிதனையும் சேர்த்துப் பேசும் இடம் எதுவோ அங்கேதான் கத்தி விழுந்தது.

சில சுற்றுச்சூழல் அமைப்புகள் சமத்துவம் பற்றிய தங்கள் வாசகங்களை ஓசைப்படாமல் எடுத்துவிட்டன. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் அது நட்டக் கணக்கு. ஏன் என்று நம் ஊர்க் கதையை வைத்தே சொல்கிறேன்.

2017 அக்டோபர் 21. தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் ஒரு கட்டுமான இடத்தில் மண் சரிந்தது. செத்தவர்கள் 11 பேர், எல்லாரும் அங்கே வேலை செய்தவர்கள், பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த வெளிநாட்டினர். இரண்டு வாரம் கழித்து, நவம்பர் தொடக்கத்தில், வெள்ளம் வந்தது. மலைச்சரிவில் கட்டலாமா, எவ்வளவு கட்டலாம் என்ற வாதம் இந்தத் தீவில் பழையது. அந்த வாதத்தை வெறும் மண், மழை, சரிவின் கோணம் என்று வைத்துக்கொண்டால் அந்த 11 பேர் எங்கே வருவார்கள்? யாருக்கு வீடு, யாருக்கு மண் என்ற கேள்வியை எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது பொறியியல் அறிக்கைதான். அதைக் குத்தகைக்காரரே எழுதிக்கொள்வார், நமக்கு அங்கே வேலை இல்லை.

பார்த்திருப்பீர்கள், கடற்கரையில் குப்பை பொறுக்கினால் 'ஒய்பி'யே, அதாவது மக்கள் பிரதிநிதியே, வந்து படம் எடுத்துக்கொள்வார். தெற்குக் கடலை மண்கொட்டித் தீவாக்கினால் மீனவர் எங்கே போவார் என்று கேளுங்கள். அன்றைக்கே நீங்கள் வளர்ச்சிக்கு எதிரி.

இது நமக்குப் புதிதல்ல. 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விசாரணையின்றி அடைத்துவைக்கும் இசா சட்டத்தில் பிடிபட்டார்கள். இனப் பதற்றம் என்று காரணம் சொன்னார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் வழக்கறிஞர் மீனாட்சி ராமன். பேராக் புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து வழக்குப் போட்டிருந்த மக்களுக்காக வாதாடியவர். அந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் சீனர்கள், வாதாடியவரோ தமிழ்ப் பெண். இதில் இனப் பதற்றம் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இனம் கடந்து சேர்ந்ததுதான் அங்கே பதற்றம் தந்திருக்க வேண்டும்! சரவாக்கில் பழங்குடியினரோடு நின்ற, சஹாபாட் அலாம் என்ற சுற்றுச்சூழல் இயக்கத்தின் ஹாரிசன் ஙாவும் அதே வலையில் சிக்கினார். மறு ஆண்டே அந்த இயக்கத்துக்கு 'ரைட் லைவ்லிஹூட்' விருது வந்தது.

புக்கிட் மேரா வழக்கு 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றது, 1993இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. தீர்ப்பு மக்களுக்கு எதிராகப் போனபிறகும் கம்பெனி தாக்குப்பிடிக்கவில்லை. இதை நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இப்போது சிறையைவிட வழக்கு மலிவு. 2025 மார்ச்சில், எண்ணெய்க் குழாய்க் கம்பெனி ஒன்று போட்ட வழக்கில், அமெரிக்காவின் வட டகோட்டா ஜூரி கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் இயக்கத்தின் மீது 66 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு போட்டது. பிறகு நீதிபதி ஏறத்தாழ பாதியாகக் குறைத்தார். பாதியே போதும், ஓர் இயக்கத்தை மூட. நம் சரவாக்கில் 2021இல் சேவ் ரிவர்ஸ் என்ற சுற்றுச்சூழல் இயக்கத்தின் மீது சாம்லிங் மர நிறுவனம் 50 லட்சம் ரிங்கிட் கேட்டு வழக்குப் போட்டது. 2023இல் மீட்டுக்கொண்டது. நடுவில் போன இரண்டு ஆண்டை எந்த நீதிமன்றமும் திருப்பித் தராது.

ஆக, வாசலில் கேட்ட நண்பருக்கு என் பதில்: நெருக்கடி பணத்தின் வழியாகத்தான் முதலில் வரும். இங்கே சங்கப் பதிவிலாகா இருக்கிறது, நன்கொடைக்கு வரிவிலக்கு தரும், வருமான வரிச் சட்டத்தின் 44(6) அங்கீகாரம் இருக்கிறது. கொடுக்கிற கைக்குப் பறிக்கவும் தெரியும். கோவில் திருவிழாவுக்கு அள்ளிக் கொடுக்கும் நாம், இந்த இயக்கங்களுக்கு அரசாங்கமும் வெளிநாடும் கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டோம். நீங்கள் ஆதரிக்கும் இயக்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். கணக்கறிக்கையில் வரவுப் பக்கத்தை முதலில் பாருங்கள். பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால் எழுந்து கேளுங்கள். சந்தா கட்டாதவர் அங்கே கேட்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.