நீண்ட துடுப்பு தெரிந்தால் பதறாதீர்கள்

(டர்பனில் ஓர் ஆலய மண்டபத்தில், நவம்பர் 16 நினைவு நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, ஆலய அறங்காவலர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, காலை முதல் அடுப்படியில் நின்று இத்தனை பேருக்கும் சமைத்த மாதர் சங்கத்துத் தாய்மார்களே, தமிழ் வகுப்பு ஆசிரியர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளர் அய்யாவுக்கு என் தனி நன்றி.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து நம் முன்னோரைக் கொண்டுவந்து இந்தத் துறைமுகத்தில் இறக்கியது. கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தபின் சில குடும்பங்கள் டர்பன் விரிகுடாவில் வலைவீசிப் பிழைத்தன. ஆகவே இந்த நாளில் கடலைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தான். மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன்: படகில் போகும்போது ஓர்கா என்னும் கொலைத் திமிங்கிலம் எதிர்ப்பட்டால் என்ன செய்வது, மோசல் பே கடலில் நடந்தது என்ன, ஓர்காக் குடும்பங்கள் எழுப்பும் ஒலி எப்படிப்பட்டது. இடையே நம் கரையோரச் சுறா வலைகளைப் பற்றி ஒரு வேண்டுகோளும் உண்டு.

பதறாத காரியம் சிதறாது. நம் பாட்டிமார் அடுப்படியில் சொன்ன இந்தப் பழமொழி கடலில் உயிர் காக்கும்.

ஓர்காவுக்குக் கொலைத் திமிங்கிலம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அது டால்பின் குடும்பத்திலேயே பெரியது. ஆணின் முதுகுத் துடுப்பு 1.8 மீட்டர் வரை நிமிர்ந்து நிற்கும். பெண்ணுடையது ஒரு மீட்டருக்கும் குறைவு, பின்னோக்கி வளைந்திருக்கும். கண்ணுக்கு மேலே வெள்ளைத் திட்டு, துடுப்புக்குப் பின்னால் சேணம் போட்டதுபோல் சாம்பல் நிறத் திட்டு. குட்டிக்கு வெள்ளை இருக்கவேண்டிய இடம் மஞ்சளாகத் தெரியும். நம் கரையில் அபூர்வம். ஜூன், ஜூலையில் மத்தி மீன்கள் கூட்டமாகக் கரையோரம் ஓடும்போது, மத்தியைத் துரத்தும் டால்பின்களைத் தேடிச் சில நேரம் வரும்.

டர்பனுக்குத் தெற்கே உம்கோமாஸில் ரப்பர் படகு அலையைக் கடக்கும்போதே பாதி ஆபத்து தொடங்கிவிடுகிறது. உயிர்காப்புச் சட்டையின் கொக்கிகள் எல்லாம் பூட்டியிருக்க வேண்டும், பாதம் படகின் தரையிலுள்ள பட்டைக்குள் இருக்க வேண்டும், இரண்டு கையும் கயிற்றில் இருக்க வேண்டும். ஓட்டுநர் அலைக்கூட்டங்களுக்கு இடையே இடைவெளி பார்த்துக் காத்திருப்பார். அப்போது “போங்க, போங்க” என்று அவரை அவசரப்படுத்தாதீர்கள். பாதி வழியில் தயங்கி வேகத்தைக் குறைத்தால் படகு பக்கவாட்டில் திரும்பும். அடுத்த அலை கவிழ்த்துவிடும்.

வெளிக்கடலில் துடுப்பு தெரிந்ததும் எல்லோரும் கைப்பேசியோடு ஒரே பக்கம் பாய்வார்கள். அதுதான் பெரிய தவறு. பத்துப் பேரின் எடை ஒரு பக்கம் சேர்ந்தால் அந்தப் பக்கம் தாழ்ந்து தண்ணீர் ஏறும். இருந்த இடத்திலேயே உட்காருங்கள். உரிமம் இல்லாத படகு திமிங்கிலத்துக்கு 300 மீட்டருக்குள் போகக்கூடாது. உரிமம் பெற்றது 50 மீட்டர் வரை போகலாம். அதுவே நம்மை நோக்கி வந்தால் எஞ்சினை அணைக்காமல் நியூட்ரலில் விடுங்கள்: சத்தம் கேட்டால் நாம் இருக்கும் இடம் அதற்குத் தெரியும், அலை புரண்டால் உடனே நகரவும் முடியும். முன்னால் போய் மறிக்காதீர்கள், தாய்க்கும் குட்டிக்கும் நடுவே நுழையாதீர்கள், தண்ணீரில் குதிக்காதீர்கள். படம் எடுத்தால் துடுப்பும் சேணமும் முழுதாக விழும்படி பக்கவாட்டில் எடுங்கள், நேரத்தையும் இடத்தையும் குறித்துவையுங்கள். முகத்தைவிடத் துடுப்பே அதன் அடையாளம்.

இனி நம் நாட்டின் தென்கரையிலுள்ள மோசல் பேக்கு வாருங்கள். போர்ட், ஸ்டார்போர்ட் என்று இரண்டு ஆண் ஓர்காக்கள். ஒன்றின் துடுப்பு இடப்பக்கம் சாய்ந்தது, மற்றதன் துடுப்பு வலப்பக்கம். கப்பல்காரர்கள் இடத்துக்கும் வலத்துக்கும் சொல்லும் சொற்களையே பெயராக வைத்தார்கள். 2017-இல் கான்ஸ்பாய் கரையில் வெள்ளைச் சுறாக்கள் செத்து ஒதுங்கின. உடல் இருந்தது, ஈரல் இல்லை! சுறாவின் ஈரல் எண்ணெய்ச் சுரங்கம். மீன் எண்ணெயை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த தலைமுறை இங்கே உட்கார்ந்திருக்கிறது, அவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2023 ஜூன் 18 அன்று மோசல் பேயின் சீல் தீவருகே படகில் இருந்தவர்கள் முதலில் பார்த்தது ஓர்காவை அல்ல. ஈரல் நெய்யின் வாடை, தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம், அதை நோக்கிப் பாயும் கடற்பறவைகள். பிறகு ஸ்டார்போர்ட் தனியாகவே வந்தது. போர்ட் சற்றுத் தள்ளி நின்றது. ஸ்டார்போர்ட் இரண்டரை மீட்டர் நீள இளம் வெள்ளைச் சுறாவின் இடப்பக்கத் துடுப்பைக் கவ்வி முன்னே முன்னே தள்ளியது. இரண்டு நிமிடத்துக்குள் கதை முடிந்தது. ஈரலை வாயில் ஏந்திக்கொண்டு படகைத் தாண்டிப் போனது. படகில் இருந்தவர்களை அது சீண்டவே இல்லை. கடலில் சுதந்திரமாகத் திரியும் ஓர்கா ஒரு மனிதனைக் கொன்றதாகப் பதிவே கிடையாது. பதறாத காரியம் சிதறாது!

ஓர்கா சுறாவைத் தின்பது அதன் வயிற்றுக்கு. ஆனால் நாம்? 1991-இல் வெள்ளைச் சுறாவைச் சட்டத்தால் காத்த முதல் நாடு நம் நாடு. அதே சுறா, குளிப்பவர்களைக் காக்க நம் கரையோரம் கட்டிய வலையில் சாகிறது. 1952-இல் டர்பனில் முதல் வலை கட்டினார்கள். ஒரு வலை ஏறத்தாழ 214 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். அது வேலி என்று பலர் நினைக்கிறார்கள். வேலி அல்ல, சுறா மேலேயும் கீழேயும் சுற்றியும் வரும், கணிசமானவை கரையிலிருந்து திரும்பும் வழியில்தான் சிக்குகின்றன. கூடவே டால்பின், ஆமை, திருக்கை. மூச்சுக்கு மேலே வர முடியாமல் டால்பின் மூழ்கிச் சாகும் வலை அது.

மத்தி வரும் வாரங்களில் வலைகளைத் தூக்கிக் குளியலுக்குத் தடை போடுகிறார்கள், வானம் இடிந்து விழவில்லை. சில கடற்கரைகளில் ஏற்கெனவே மிதவைத் தூண்டில்கள் வலையின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. ஒரு மிதவைக்கு ஒரே தூண்டில், அதில் டால்பின் சிக்குவது மிகக் குறைவு. எல்லா வலையையும் நாளையே அகற்றச் சொல்லவில்லை. பதறாத காரியம் சிதறாது. ஒவ்வொரு கடற்கரையாக மாற்றுங்கள் என்கிறேன். நகரமன்ற உறுப்பினர் அய்யா இதை மன்றத்தில் எழுப்ப வேண்டும்.

ஒலியைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். ஒவ்வொரு ஓர்காக் கூட்டத்துக்கும் தன் சொந்த அழைப்பொலிகள் உண்டு, குட்டி அதைத் தாயிடம் கற்கிறது. அடுத்து நடனப் பிள்ளைகள் சலங்கை கட்டிக் காத்திருப்பதால் இத்துடன் விடுகிறேன். வலை மாற்றக் கோரும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. பெயரும் வட்டார எண்ணும் தெளிவாக எழுதுங்கள், தெளிவில்லாத கையெழுத்தை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். வணக்கம்.