டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு கொலஸ்ட்ரால் குறைஞ்சா நல்லதா?

(திரையில்: ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். மொத்த கொலஸ்ட்ரால் 118.)

வணக்கம். இந்த 118, கொழுப்பு மாத்திரை எதுவும் போடாம, வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் போற ஒருத்தரோட ரிப்போர்ட்ல வந்திருக்குன்னு வைங்க. வீட்ல "அப்பாடா, கொழுப்பு இல்லை"ன்னு நிம்மதியாவாங்க. சிறுநீரக டாக்டரோ உடனே ஆல்புமின் (ரத்தத்துல இருக்கிற ஒரு புரதம்), சிஆர்பி (உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுறது) ரெண்டையும் பாப்பார். எடை குறையுதா, சாப்பாடு இறங்குதான்னு கேப்பார்.

காரணம் இருக்கு. டயாலிசிஸ் நோயாளிகள்ல கொலஸ்ட்ரால் குறைவா இருக்கிறவங்கதான் அதிகமா இறக்குறாங்கன்னு பல ஆய்வுகள்ல வந்துச்சு. அப்போ கொழுப்பு காப்பாத்துதா? 2004-ல அமெரிக்காவுல, புதுசா டயாலிசிஸ் ஆரம்பிச்ச 823 பேரோட விவரங்களை வெச்சு இதைப் பிரிச்சுப் பாத்தாங்க. உடம்புல அழற்சியோ ஊட்டச்சத்துக் குறைவோ இல்லாதவங்ககிட்ட, கொலஸ்ட்ரால் கூடக் கூட ஆபத்தும் கூடுச்சு, நம்ம எல்லாருக்கும் போலவே. அழற்சியும் மெலிவும் இருக்கிறவங்ககிட்டதான் கணக்கு தலைகீழாத் தெரிஞ்சது. அந்த அழற்சியும் மெலிவும்தான் கொலஸ்ட்ராலையும் இறக்குது, உயிரையும் எடுக்குது.

சரி, கொழுப்பு மாத்திரை, அதாவது ஸ்டாட்டின்?

(திரையில்: ஜெர்மனி வரைபடம். 2005.)

ஜெர்மனியில சர்க்கரை நோயோட டயாலிசிஸ்ல இருந்த 1,255 பேர்ல பாதிப் பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 42 சதவீதம் இறங்குச்சு. ஆனா மாரடைப்பு, பக்கவாதம், இதயத்தால வர்ற மரணம் எல்லாம் சேத்து 8 சதவீதம்தான் குறைஞ்சது. அதுவும் தற்செயலா இருக்கலாங்கிற அளவுதான். 2009-ல வெளிவந்த ரோசுவாஸ்டாட்டின் ஆய்வுலயும் இதே ஏமாற்றம்.

ஏன்? டயாலிசிஸ் நோயாளிகளோட இதய மரணம் நிறைய நேரம் அடைப்பால வர்றதில்ல. பொட்டாசியம் ஏறி இறங்குறது, நீர் சேர்ந்து வடியுறது, தடிச்ச இதயத் தசை, பாஸ்பரஸ் கூடி சுண்ணாம்பு படிஞ்ச ரத்தக்குழாய். இதயம் திடீர்னு நின்னுடுது. ஸ்டாட்டின் அங்க பெருசா ஒண்ணும் செய்ய முடியாது.

இன்னொரு விளக்கமும் இருக்கு. எனக்கு இதுல இதுதான் ரொம்ப முக்கியமாப் படுது. நம்ம ரத்தத்துக்கு கொலஸ்ட்ரால் ரெண்டு வழியில வருது. கல்லீரல் தயாரிக்குது, குடல் உறிஞ்சுது. குடலுக்கு வர்ற கொலஸ்ட்ரால்ல சாப்பாட்டுல இருந்து வர்றதை விட பித்தநீர்ல வர்றதுதான் அதிகம். ஸ்டாட்டின் அடைக்கிறது கல்லீரல் வழியை மட்டும். டயாலிசிஸ்ல இருக்கிற பலருக்கு குடல் வழிதான் ஓங்கி நிக்குது. கொலஸ்டனால்னு ஒரு பொருள் ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பாத்து, குடல் எவ்வளவு உறிஞ்சுதுன்னு கணிக்கலாம். அந்த ஜெர்மானிய நோயாளிகள்ல 1,030 பேரோட ரத்தத்தை இப்படி அளந்து மூணு குழுவாப் பிரிச்சப்போ, குறைவா உறிஞ்சுற குழுவுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் பலன் குடுத்திருந்துச்சு. மத்த ரெண்டு குழுவுக்கும் குடுக்கல. இது பின்னாடி திரும்பிப் பாத்த கணக்கு. இதை வெச்சே மருந்தை முடிவு பண்ணிட முடியாது.

குடல் வழியை அடைக்கிற மருந்து எசெட்டிமைப். 2011-ல வெளிவந்த ஆய்வுல சிம்வாஸ்டாட்டினோட சேத்துக் குடுத்தாங்க. 9,000-க்கும் மேல சிறுநீரக நோயாளிகள், மூணுல ஒருத்தர் டயாலிசிஸ். மொத்தமாப் பாத்தா அடைப்பு சார்ந்த பாதிப்பு 17 சதவீதம் குறைஞ்சது. டயாலிசிஸ் குழுவைத் தனியா எடுத்தா அவ்வளவு தெளிவாத் தெரியல.

அதனாலதான் 2013-ல வந்த சர்வதேச வழிகாட்டுதல், டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்குப் புதுசா ஸ்டாட்டின் ஆரம்பிக்க வேண்டாம், முன்னாடியே போட்டுட்டு வந்தா தொடரட்டும்னு சொல்லுச்சு. தயவுசெஞ்சு இந்த வீடியோவைப் பாத்துட்டு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, முக்கியமா ஸ்டென்ட் வெச்சவங்க. மாற்றுச் சிறுநீரகம் வெச்சவங்களுக்குக் கணக்கே வேற.

கொலஸ்ட்ராலுக்குப் பயந்து வீட்ல முட்டை, மீனை நிறுத்திடுறாங்க. இது மனசைக் கஷ்டப்படுத்துது. ஒவ்வொரு டயாலிசிஸ்லயும் கொஞ்சம் அமினோ அமிலம், அதாவது புரதத்தோட மூலப்பொருள், வெளிய போயிடுது. 60 கிலோ இருக்கிறவருக்கு ஒரு நாளைக்கு 60-லேர்ந்து 72 கிராம் வரைக்கும் புரதம் தேவை. முட்டை வெள்ளைக்கருவுல பாஸ்பரஸ் ரொம்பக் குறைவு. அடுத்த தடவை ரிப்போர்ட் வாங்கும்போது ஆல்புமின் எவ்வளவுன்னும் கேளுங்க.